பிள்ளை யாரிடம் இருக்கும்? பிரிந்த பெற்றோருக்குக் கோர்ட்டு முடிவெடுக்கும் விதம்

காலையில் பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டுவது யார்? பள்ளி வேன் எத்தனை மணிக்கு வாசலுக்கு வரும்? வகுப்பாசிரியர் பெயர் என்ன? போன தடவை காய்ச்சல் கண்டபோது கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது?

இந்தக் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல முடிந்தவர் பக்கம்தான் வளர்ப்புரிமை வழக்கு மெல்லச் சாயும். மாமியார் என்ன சொன்னார், கணவன் யாரோடு போனான், கல்யாணத்துக்குப் போட்ட நகை எங்கே போனது என்ற கதைகளுக்கு அங்கே இடம் குறைவு. ஆனால் லோயர் முன்னால் உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரம் அந்தக் கதைதான் ஓடும். பிள்ளையைப் பற்றிய பேச்சு எழுந்து போகும் நேரத்தில் வரும். அந்த வரிசையை மாற்றிக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கீழே உள்ளவை மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்துப் பட்டணத்தில் இருக்கும் முஸ்லிம் அல்லாத பெற்றோருக்கானவை. முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றம், வேறு சட்டம், வேறு நடைமுறை.

எந்தக் கோர்ட்டு, எந்தச் சட்டம்

நம்மவர்கள் 'குடும்பக் கோர்ட்டு' என்று பேச்சில் சொன்னாலும் விவாகரத்தும் வளர்ப்புரிமையும் உயர் நீதிமன்றத்தின் வேலை. பேராக் மாநிலத்தில் அது ஈப்போவிலும் தைப்பிங்கிலும் இருக்கிறது. சுங்கை சிப்புட்காரர்களுக்கு ஈப்போ பக்கம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போய்ப் பிள்ளையைக் கேட்க முடியாது.

சட்டங்கள் இரண்டு. ஒன்று, 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம். மலாயில் 'ஆக்டா 164' (சட்டம் 164) என்பார்கள். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. விவாகரத்து மனுவோடு பிள்ளையையும் கேட்பவர்கள் இதன் 88ஆம் பிரிவில்தான் வந்து நிற்பார்கள். மற்றொன்று 1961ஆம் ஆண்டின் சிறார் காப்பாளர் சட்டம். பிரிந்தாகிவிட்டது, விவாகரத்துக்கு இன்னும் போகவில்லை, ஆனால் பிள்ளை விஷயம் காத்திருக்காது என்பவர்களுக்கு இது உதவும். கல்யாணமாகி இரண்டு ஆண்டு நிறையாதவர்கள் பொதுவாக விவாகரத்து மனு போட முடியாது. அவர்களும் பிள்ளைக்காக இந்த வழியில் போகலாம். தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை என்று இந்தச் சட்டம் சொல்கிறது.

தோட்டத்துப் பக்கம் அடிக்கடி இடறும் கல் வேறொன்று: கோயிலில் தாலி கட்டி, பந்தல் போட்டு, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டிருப்பார்கள், தேசியப் பதிவுத் துறையில் பதிந்திருக்க மாட்டார்கள். 1982க்குப் பிறகு நடந்த கல்யாணத்துக்குப் பதிவு கட்டாயம். பதியாத கல்யாணத்தில் விவாகரத்து மனு போடுவதே சிக்கலாகிவிடும். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கிறதா, யார் கேட்டு எழுதினார்கள் என்பதிலிருந்து எல்லாம் மாறும். இப்படிப்பட்ட தகப்பனுக்குப் பிள்ளை மேல் சட்டப்படி பிடிமானம் குறைவு. ஆனால் செலவுப் பொறுப்பிலிருந்து அவர் தப்ப முடியாது. 1950ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தில், முறைப்படி பதிந்த கல்யாணத்தில் பிறக்காத பிள்ளைக்கும் பணம் கேட்கலாம். உங்கள் நிலை இதுவென்றால் லோயரிடம் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்து, பாதி வழியில் வெளியே வந்தால் கட்டிய பணமும் ஓடிய நாளும் வீண்.

மூன்று சொற்கள், மூன்று உரிமைகள்

'பிள்ளையை எனக்குக் கொடுங்கள்' என்று மொத்தமாகக் கேட்பார்கள். கோர்ட்டு அதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும்.

வளர்ப்புரிமை என்பது பெரிய முடிவுகள்: எந்தப் பள்ளி, அறுவை சிகிச்சைக்குச் சம்மதம், மதம், பாஸ்போர்ட். அன்றாடப் பராமரிப்பு என்பது பிள்ளை யார் வீட்டில் தூங்கி எழுகிறது என்பது. சந்திப்புரிமை என்பது மற்றவருக்குக் கிடைக்கும் நேரம். பகலில் மட்டும், இரவு தங்கி, அல்லது மூன்றாம் ஆள் ஒருவரின் கண்காணிப்பில்.

இருவரும் ஓரளவு பேசிக்கொள்ளும் நிலையில் இருந்தால், வளர்ப்புரிமை இருவருக்கும் சேர்த்து, அன்றாடப் பராமரிப்பு ஒருவருக்கு, சந்திப்புரிமை மற்றவருக்கு என்று பிரிப்பது வழக்கமான ஏற்பாடு. ஒரு கையெழுத்துக்குக்கூட ஒத்து வராத சண்டை என்றால் முழு உரிமையும் ஒருவரிடம் போகலாம். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு வீண் சண்டை குறையும்: 'கூட்டு வளர்ப்புரிமை' என்றதும் பிள்ளை வாரத்தில் பாதி நாள் அங்கே போய்விடும் என்று பல அம்மாக்கள் பயப்படுகிறார்கள். அதற்கு அப்படிப் பொருள் இல்லை.

நீதிபதி எதைப் பார்க்கிறார்

பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று 88ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குக் கீழேதான் பெற்றோரின் விருப்பமும், சுயமாகக் கருத்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பமும். எந்த வயது என்று சட்டத்தில் எண் எதுவும் கிடையாது.

ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் ஊகித்துக்கொள்கிறது. ஊகம்தான், முறியடிக்க இடமுண்டு. தாய் பிள்ளையை விட்டுவிட்டு மாதக் கணக்கில் வேறு ஊரில் இருந்தார், போதைப் பழக்கம், அடி உதை என்று ஆதாரத்தோடு காட்டினால் ஊகம் உடையும். 'அவள் இரவு வேலைக்குப் போகிறாள்' என்று மட்டும் சொன்னால் உடையாது. ஏழு முடிந்த மறுநாளே பிள்ளை அப்பாவிடம் போய்விடும் என்பதும் ஊர்ப்பேச்சுதான்.

அதே பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: பிள்ளை வாழும் வாழ்க்கையை அடிக்கடி இடம் மாற்றிக் கலைப்பது விரும்பத் தக்கதல்ல. நடைமுறையில் இதன் கனம் பெரியது. பிரிந்த நாளிலிருந்து வழக்கு விசாரணைக்கு வரும்வரை பிள்ளை எங்கே இருந்தது, நன்றாக இருந்ததா என்று கோர்ட்டு பார்க்கும். கோபத்தில் தனியாக வெளியேறி, எட்டு மாதம் எட்டிப் பார்க்காமல், பிறகு வந்து கேட்பவருக்கு ஏற்றம் செங்குத்தாக இருக்கும். பிள்ளையோடு வெளியேற முடியாத நிலை என்றால், வெளியேறிய வாரமே லோயரைப் பார்த்து இடைக்கால உத்தரவு கேளுங்கள். கேட்டீர்கள் என்பதே ஒரு சான்று.

அண்ணன் தம்பிகளை ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் நலனையும் தனித்தனியே பார்க்கலாம். சிரம்பானில் தொடங்கிய, தீபா என்ற தாயின் வழக்கில், 2016 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் (நாட்டின் மிக உயர்ந்த கோர்ட்டு) மகளைத் தாயிடமும் மகனைத் தந்தையிடமும் விட்டது. ஆனாலும் பிள்ளைகளைப் பிரிக்கக் கேட்பவர் அதற்குக் கனமான காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

பாட்டி விஷயம் தனி. நம் குடும்பங்களில் பாதிப் பிள்ளைகளை வளர்ப்பது பாட்டிதான். விடியற்காலையில் அம்மா பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போய்விடுவாள், பிள்ளைக்குச் சட்டை மாட்டி, மைலோ கரைத்துக் கொடுத்து, வேனில் ஏற்றுவது பாட்டி. இதை மறைக்கத் தேவையில்லை. மறைத்தால் எதிர்த் தரப்பு எடுத்துக் காட்டும். 'காலை 5.30 முதல் 7 வரை என் தாயார் பார்த்துக்கொள்கிறார், வயது 61, ஒரே வீட்டில் இருக்கிறோம், மதியம் 2 மணிக்கு நான் வந்துவிடுவேன்' என்று நேராக எழுதுங்கள். அது பலவீனம் ஆகாது. யோசித்து வைத்த ஏற்பாடு என்று தெரியும். ஆனால் அம்மாவும் அப்பாவும் இல்லாமல் பாட்டியே வளர்ப்புரிமை கேட்டால், பெற்றோர் இருவரிடமும் விட முடியாத விசேஷக் காரணம் இருக்க வேண்டும்.

சம்பளம்? கூடுதலாகச் சம்பாதிப்பவருக்குப் பிள்ளை என்று ஒரு விதியும் இல்லை. பணக்குறையைப் பராமரிப்புத் தொகை ஈடு செய்யும். வீடு பெரிதா என்பதைவிட நிரந்தரமா என்பதுதான் கேள்வி. தோட்ட வேலை நின்றால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்ற நிலை இருந்தால், அடுத்து எங்கே போவீர்கள் என்று முன்கூட்டியே பதில் வைத்திருங்கள்.

மனு போடுவதற்கு முந்தைய மாதம்

ஒரு சாதாரண பள்ளி நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி போட்டு, தினமும் இரண்டு வரி: யார் கொண்டுவிட்டது, யார் கூட்டிவந்தது, டாக்டர், டியூஷன், மற்றவர் வந்தாரா, எத்தனை மணி நேரம் இருந்தார். 'குடித்துவிட்டு வந்தான் நாசமாய்ப் போனவன்' என்று எழுதாதீர்கள். 'இரவு 9.40, நடை தள்ளாடியது, பிள்ளையை அனுப்பவில்லை, 9.52க்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்' என்று எழுதுங்கள். ஒரே இரவில் ஒரே பேனாவில் ஆறு மாதத்துக் கணக்கை எழுதி வைப்பவர்களும் உண்டு. குறுக்கு விசாரணையில் அது தெரிந்துவிடும், மற்ற உண்மைகளையும் சேர்த்துக் கெடுக்கும்.

சேர்க்க வேண்டிய தாள்கள்: கல்யாணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் மைகிட் அடையாள அட்டையும், பள்ளித் தேர்ச்சி அறிக்கை, தடுப்பூசிப் புத்தகம், கிளினிக் ரசீது, கடைசி மூன்று மாதச் சம்பளச் சிலிப், ஊழியர் சேமநிதி (கேடபிள்யூஎஸ்பி) அறிக்கை, வாடகை ரசீது, பாங்குக் கணக்கு. அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகல்தான் கொடுக்க வேண்டும். பிறப்புப் பத்திரம் மற்றவர் பிடியில் இருந்தால் அதற்காகச் சண்டை போட வேண்டாம். பதிவுத் துறையில் நகல் எடுக்கலாம்.

வாட்ஸ்அப் உரையாடலை வெட்டி ஒட்டாமல் தேதி, நேரம், எண் தெரியும்படி முழுதாக எடுங்கள். நீங்கள் அனுப்பிய மோசமான செய்தியும் அதில் இருக்கும். அதை அழிப்பதால் பயனில்லை, மறுமுனைப் போனில் அது இருக்கிறது. இன்று முதல் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் நீதிபதி படிப்பார் என்று வைத்துக்கொண்டு தட்டச்சுங்கள்.

அடி உதை இருந்தால் இந்த வரிசை எதுவும் பொருந்தாது, முதலில் பாதுகாப்பு. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் சமூக நல இலாகா அதிகாரியே அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். அது ஏழு நாளுக்கு நிற்கும். அதற்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்து, மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். அரசு மருத்துவமனையில் காயத்தைக் காட்டிப் பதியச் சொல்லுங்கள். அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999, எந்த நேரமும் எடுப்பார்கள். இந்தத் தாள்கள் பிறகு வளர்ப்புரிமை வழக்கிலும் பேசும்.

செலவுக்கு வழியில்லாதவர்கள் ஈப்போவில் இருக்கும் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவையோ, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகலாம். இரண்டிலும் வருமானச் சோதனை உண்டு; சம்பளச் சிலிப்பில்லாமல் போனால் திரும்பி வர வேண்டியதுதான்.

கூட்டு மனுவா, தனி மனுவா

இருவரும் ஒத்துக்கொண்டால் 52ஆம் பிரிவில் கூட்டு மனு. பிள்ளைகளின் பராமரிப்புக்கும் செலவுக்கும் சரியான ஏற்பாடு இருக்கிறதா என்று நீதிபதி அப்போதும் பார்ப்பார். தாளில் 'பேசி முடிவு செய்துகொள்வோம்' என்று இருந்தால் கேள்வி வரும்.

ஒருவர் மட்டும் மனு போட்டால் முதலில் பதிவுத் துறையின் சமரசக் குழு. இங்கே லோயர் உங்களுக்காகப் பேச முடியாது. ஆறு மாதம்வரை இழுக்கலாம். மற்றவர் வராமல் டிமிக்கி கொடுத்தாலும் நீங்கள் போய் உட்காருங்கள். சேர முடியவில்லை என்ற சான்றிதழ் கையில் இருந்தால்தான் மனு நகரும். கைவிட்டு ஓடிப்போனவர், வெளிநாட்டில் தங்கிவிட்டவர் போன்ற சில நிலைகளில் இந்தப் படியைத் தாண்டலாம். பிள்ளை யாரிடம் என்று முடிவு செய்யும் அதிகாரம் இந்தக் குழுவுக்குக் கிடையாது. அங்கே 'பிள்ளையை விட்டுக்கொடும்மா' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

அஃபிடவிட் (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்) தேசிய மொழியில் இருக்கும். மலாய் சரளமாக வராதவர்கள், வரிக்கு வரி தமிழில் விளக்கிச் சொல்லக் கேட்ட பிறகே சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட வேண்டும். கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். 'தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்' என்பது பிறகு எடுபடாது.

நேர அட்டவணை: எல்லாச் சண்டையும் இங்கேதான் பிறக்கும்

'நியாயமான சந்திப்புரிமை' என்று ஒரே சொல்லில் உத்தரவு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். இருவரும் நல்லவிதமாகப் பேசிக்கொள்ளும்வரை அது போதும். பேச்சு முறிந்த அன்று அந்தச் சொல்லுக்கு அப்பா ஒரு பொருள் சொல்வார், அம்மா ஒரு பொருள் சொல்வார். மீறப்பட்டது என்று நிரூபிக்கவும் முடியாது, ஏனென்றால் மீறுவதற்கு ஒரு நேரமே குறிக்கப்படவில்லை. நாள், மணி, இடம், ஆள் நான்கும் எழுத்தில் இருக்கட்டும்.

ஓர் உதாரணம் பாருங்கள். அப்பா சுங்கை சிப்புட்டில். அம்மா பிள்ளையோடு கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணிக்குத் தன் தாய் வீடு போய்விட்டார். 'ஒவ்வொரு இரண்டாம் வார இறுதியும் அப்பாவிடம்' என்று உத்தரவு. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கெடாவில் பள்ளி விடுமுறை வெள்ளியும் சனியும்; பேராக்கில் வார இறுதி சனியும் ஞாயிறும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பள்ளி, வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு வேலை. இருவருக்கும் பொதுவாகக் கிடைப்பது சனி ஒன்றுதான். இரண்டு மாதத்துக்குள் 'அவன் நேரத்துக்கு வருவதில்லை', 'அவள் அனுப்புவதில்லை' என்று இரு தரப்பும் லோயரிடம் நிற்கும். இப்படி எழுதியிருந்தால் சண்டைக்கு வழியே இல்லை:

'ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குத் தந்தை, தாயின் வீட்டு வாசலில் பிள்ளையைப் பெற்றுக்கொள்வார். மறுநாள் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு அதே இடத்தில் தந்தை நேரில் ஒப்படைப்பார். 30 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் வாட்ஸ்அப்பில் தெரிவிக்க வேண்டும். 2 மணி நேரத்துக்குமேல் ஆனால் அந்தச் சந்திப்பு ரத்து. பிள்ளைக்கு உடல்நலம் இல்லையென்றால் கிளினிக் சான்றோடு அடுத்த வாரம் ஈடு செய்யப்படும்.'

ஐந்தாவது வெள்ளி வரும் மாதம் என்ன என்று கேட்கலாம். 'முதல், மூன்றாம்' என்று எண்ணியே எழுதிவிட்டதால் ஐந்தாவது வெள்ளி யாருக்கும் இல்லை. 'ஒன்றுவிட்டு ஒரு வாரம்' என்று எழுதினால்தான் தகராறு. ஒரு தடவை தவறினால் யார் முறை என்ற கணக்கே குழம்பிவிடும்.

ஷிப்டு வேலைக்காரர்களுக்குக் கிழமை கணக்கு ஒத்து வராது. அவர்கள் மாதத்தின் 25ஆம் தேதிக்குள் அடுத்த மாத ஷிப்டு அட்டவணையைப் படமெடுத்து அனுப்ப வேண்டும், அதில் வரும் இரண்டு ஓய்வு நாள் ஜோடிகள் சந்திப்பு நாட்கள் என்று எழுதலாம். அட்டவணை வராவிட்டால் என்ன என்பதையும் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

தீபாவளி. இங்கேதான் உறவினர் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஒற்றைப்படை ஆண்டில் அம்மாவிடம், இரட்டைப்படை ஆண்டில் அப்பாவிடம் என்பது ஒரு முறை. வீடுகள் பக்கத்தில் என்றால் அன்றைய நாளையே பிரிக்கலாம்: முந்திய நாள் மாலையிலிருந்து எண்ணெய்க் குளியல் முடிந்து பகல் 1 மணிவரை ஒருவர், பிறகு மற்றவர். 'தீபாவளி அன்று பாதி நாள்' என்று மட்டும் எழுதினால் எண்ணெய் வைக்கும் பாதி யாருக்கு என்று சண்டை வரும். எல்லோருக்கும் வேண்டியது அந்தப் பாதிதான். ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறை இரண்டு ஆண்டுகளில் கால் வைக்கும் என்பதால், 'விடுமுறை தொடங்கும் நாளின் ஆண்டு' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பிறந்த நாள், தைப்பூசம், குலதெய்வப் பூசை, ஊர்த் திருவிழா என்று வேண்டியவற்றைப் பெயர் சொல்லி எழுதலாம். நீளமாகிறதே என்று யோசிக்க வேண்டாம்.

கைக்குழந்தைக்கு இரவு தங்கல் கேட்டு அடம் பிடிப்பதைவிட வாரம் இரண்டு முறை இரண்டிரண்டு மணி நேரம் கேட்பது பலன் தரும். பிள்ளை வளர வளர நேரத்தை அதிகமாக்கிக்கொண்டு போகும் ஏற்பாட்டை உத்தரவிலேயே படியாக எழுதலாம்: இன்ன வயதுவரை பகல் மட்டும், அதற்குமேல் ஓர் இரவு. வீடியோ அழைப்புக்கும் நேரம் போடுங்கள்: செவ்வாய், வியாழன், ஞாயிறு, இரவு 8 முதல் 8.30 வரை. சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பாக்களுக்கு இதுதான் உயிர்.

செலவுக் கணக்கு

பிள்ளையைப் பராமரிப்பது இருவர் பொறுப்பு. இவ்வளவு விழுக்காடு என்ற சூத்திரம் நம் சட்டத்தில் இல்லை. தேவையையும் கொடுக்கும் சக்தியையும் வைத்துத்தான் தொகை. அதனால் 'மாதம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) வேண்டும்' என்று மொட்டையாகக் கேட்பவரைவிடப் பட்டியல் போட்டவர் ஜெயிப்பார்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதிரிக் கணக்கு: சாப்பாடு 350, பராமரிப்பவர் கூலி 300, வாடகையில் பிள்ளையின் பங்கு 150, டியூஷன் 120, பள்ளி வேன் 90, உடுப்பு 50, மருந்து 40. மொத்தம் 1,100 வெள்ளி. அப்பா சம்பளம் 2,400, அம்மா 1,800 என்றால் விகிதம் நான்குக்கு மூன்று. அப்பா ஏறக்குறைய 630, அம்மா 470. பள்ளி திறக்கும்போது வரும் சீருடை, காலணி, புத்தகச் செலவு மாதக் கணக்கில் அடங்காது; அதைத் தனி வரியில் 'பாதிப் பாதி, ரசீது காட்டி 14 நாளில்' என்று போடுங்கள்.

ஓவர்டைமை வைத்துச் சம்பளம் சொல்வதும், ஓவர்டைமை மறைத்துச் சொல்வதும் இரண்டுமே மாட்டிக்கொள்ளும் வழிகள். மூன்று மாதச் சராசரி காட்டுங்கள். பணம் பாங்கு வழியாகப் போகட்டும், குறிப்பில் மாதத்தை எழுதுங்கள். கையில் கொடுத்த பணம் கொடுக்காத பணம்தான்.

பராமரிப்புத் தொகை பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயதுவரை. உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தால் நீளும். 2018 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி மேற்படிப்போ பயிற்சியோ தொடர்ந்தாலும் நீளும். பாக்கி விழுந்தால் சும்மா இருக்காதீர்கள்: மூன்று ஆண்டுக்கு முந்தைய பாக்கியை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. சம்பளத்திலிருந்து முதலாளியே பிடித்துக் கட்டும்படி உத்தரவும் கேட்கலாம்.

பிள்ளையைக் காட்டாததால் பணம் நிறுத்துவதும், பணம் வராததால் பிள்ளையைக் காட்டாததும் நம் ஊரில் தினம் நடப்பவை. இரண்டும் தனித்தனி உத்தரவு. ஒன்றை மீறியதற்கு மற்றது சாக்காகாது. இரு தரப்பும் கோர்ட்டு முன் குற்றவாளியாக நிற்க நேரும்.

பிள்ளையிடம் நீதிபதி பேசும் நாள்

நீதிபதி தேவைப்பட்டால் சமூக நல அதிகாரியின் அறிக்கை கேட்பார். அதிகாரி வீட்டுக்கும் வரலாம். அன்றைக்கு மட்டும் புது மெத்தை வாங்கிப் போட்டால் பிள்ளையே சொல்லிவிடும். பிள்ளையின் துணி எங்கே, புத்தகம் எங்கே, தூங்கும் இடம் எது என்று அதுவே இயல்பாகக் காட்டும் வீடு போதும்.

பெரிய பிள்ளை என்றால் நீதிபதி தன் அறையில் தனியாகப் பேசுவதுண்டு. பெற்றோர் உள்ளே இருக்க மாட்டார்கள். இங்கே நடக்கும் பெரிய தவறு ஒத்திகை. 'அப்பாவுக்குப் பொறுப்புணர்ச்சி கிடையாது' என்று ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னால் அது யாருடைய வாய் என்று கேட்பவருக்குத் தெரியும். 'அங்கே போனால் தம்பி கூட விளையாட முடியாது' என்பதுதான் பிள்ளை மொழி. முதல் நாள் இரவு புதுப் போன் வாங்கிக் கொடுப்பதும் அப்படித்தான். பிள்ளையிடம் சொல்ல வேண்டியது இவ்வளவே: ஒருவர் உன்னோடு பேசுவார், நீ நினைப்பதைச் சொல், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். சொன்னபடி பிறகு கோபித்துக்கொள்ளாமலும் இருங்கள்.

உத்தரவு வந்த பிறகு

விவாகரத்துத் தீர்ப்பு முதலில் இடைக்காலமாக வந்து, பொதுவாக மூன்று மாதம் கழித்தே முழுமையாகும். அதற்கும் பிள்ளை உத்தரவுக்கும் சம்பந்தமில்லை. பிள்ளை உத்தரவைப் போட்ட நாளிலிருந்தே பின்பற்ற வேண்டும்.

மற்றவர் மீறினால் வாசலில் போய்க் கத்தாதீர்கள். நேரத்துக்குப் போங்கள், பத்து நிமிடம் நில்லுங்கள், 'வந்திருக்கிறேன்' என்று செய்தி அனுப்புங்கள், திரும்பி வாருங்கள். மூன்று முறை இப்படி நடந்தால் லோயர் கையில் கோர்ட்டு அவமதிப்பு மனுவுக்கு வேண்டியது இருக்கும். ஒரு முறை தாமதமானதற்கு அவமதிப்பு மனு போட்டால் நீங்கள்தான் சண்டைக்காரர் என்று தெரியும்.

சூழ்நிலை உண்மையிலேயே மாறினால் 96ஆம் பிரிவில் உத்தரவைத் திருத்தக் கேட்கலாம்: வேலை வேறு மாநிலத்துக்கு மாறியது, மறுமணம், பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போனது. வாயால் பேசி மாற்றிக்கொண்ட ஏற்பாட்டை நம்பி ஆண்டுக்கணக்கில் ஓட்டாதீர்கள். முறிந்த அன்று பழைய தாள்தான் பேசும்.

பிள்ளையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகும் பயம் இருந்தால் 101ஆம் பிரிவில் தடை கேட்கலாம். ஜொகூர் பாருவைத் தாண்டினால் வெளிநாடுதான். பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூர் கூட்டிப் போவதற்கும் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று உத்தரவில் எழுதலாம், பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்து.

மதமாற்றம் கலந்துவிட்டால் அன்றைக்கே லோயரிடம் போங்கள். ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தியின் வழக்கில், 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம் ஒரு பெற்றோர் தனியாகப் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று தீர்ப்பளித்தது. சிவில் சட்டப்படி நடந்த கல்யாணத்தின் பிள்ளைகளுக்குச் சிவில் கோர்ட்டுதான். ஆனால் 2009இல் 11 மாதக் குழந்தையாகத் தகப்பன் கொண்டுபோன கடைசி மகளின் வளர்ப்புரிமையை ஈப்போ உயர் நீதிமன்றம் 2010லேயே தாய்க்குக் கொடுத்திருந்தும், 2018 தீர்ப்பு வந்த நாளிலும் பிள்ளை தாயின் கைக்கு வந்திருக்கவில்லை. உத்தரவு வாங்குவது ஒரு வேலை, பிள்ளையைக் கையில் பெறுவது இன்னொரு வேலை. முதல் நாளே தடை உத்தரவு கேட்கச் சொல்வது அதனால்தான்.

கடைசியாகத் தாள் வேலை. கோர்ட்டு முத்திரை பதித்த உத்தரவின் நகல் ஐந்து எடுங்கள். ஒன்று பள்ளித் தலைமையாசிரியருக்கு, ஒன்று பள்ளி வேன் ஓட்டுநருக்கு, ஒன்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு, ஒன்று வீட்டில், ஒன்று பையில். போனிலும் படமெடுத்து வையுங்கள். வேன் ஓட்டுநருக்குக் கொடுக்கும் நகலில் 'யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம்' என்ற பத்தியை மார்க்கர் பேனாவால் மஞ்சள் அடித்துக் கொடுங்கள். மொத்தத் தாளையும் அவர் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.